வேலணைக்கு ஒரு மடிப்புச் சைக்கிள் யாத்திரை

வழியிற் காண்பனவற்றைக் கண்ணாரக் காண விழைவோருக்குச் சைக்கிளைப் போன்ற வாகனம் பிறிதில்லை. ஆயின், கடல் கடந்து செல்வோர் அதனை உடன் கொண்டுபோவது எங்ஙனம்? அக்குறையைத் தீர்ப்பது மடிப்புச் சைக்கிள். இரண்டாவது உலக யுத்தத்திலே பிரித்தானியப் பரசூட் வீரர்களுக்காக பி.எஸ்.ஏ. தொழிற்சாலை இத்தகைய வண்டியைச் செய்தளித்தது. 1975ஆம் ஆண்டில் இலண்டனில் அன்ட்ரூ ரிச்சி என்பவர் அமைக்கத் தொடங்கிய ‘புரொம்ப்டன்’, 16 அங்குலச் சில்லுகளை உடையது. மடித்தால் ஒரு பெட்டியுள் அடங்கும்.

சென்னையிலிருந்து பலாலிக்கு நாம் விமானத்திற் கொணர்ந்ததும் இத்தகைய சிறு சில்லு வண்டியே. பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாயிற்று. கொரோனா நோயால் 2020இல் நின்ற சென்னைச் சேவை 2022 டிசெம்பரில் மீண்டது. வண்டியைப் பொதி செய்வோர் ரயர்களிற் காற்றைச் சிறிது குறைத்து, சங்கிலியைத் துணியாற் சுற்றுதல் நன்று. இடப்புறப் பெடல் மட்டும் வலஞ்சுழியாகத் திருகினாலே கழலும். விளக்கின் லிதியம் மின்கலங்களைக் கைப்பையில் வைத்தல் வேண்டும்.

யாழ்ப்பாண நகரைவிட்டுப் பண்ணைத் தாம்போதியில் ஏறினால் இருமருங்கும் ஆழமற்ற கடல். மீனவர் நாட்டிய களங்கட்டித் தடிகள். மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, மண்கும்பான் என ஊர்கள் ஒவ்வொன்றாய் எதிர்ப்படும். மண்கும்பான், சாட்டிப் பகுதிகளின் மணல், மழைநீரை ஏந்தி வைத்து உவர்சூழ்ந்த தீவிலே நன்னீர் ஊட்டுகின்றது. ஒல்லாந்தர் இத்தீவுக்கு ‘லைடன்’ எனப் பெயரிட்டனர்.

நயினாதீவு அம்மனைத் தரிசிக்க வருவோரின் வாகனங்கள் வாணர் தாம்போதி வழியே புங்குடுதீவு சென்று, குறிகட்டுவான் துறையிலேதான் நிற்கின்றன. அவர்களுக்கு வேலணை, சாளரத்தில் ஓடி மறையும் பனைவரிசையே. சைக்கிளிற் செல்பவனோ பூட்டிய படலைகளையும், கூரையிழந்த வீட்டின் அறைக்குள்ளே தழைத்த வடலியையும் காண்கிறான். 1990ஆம் ஆண்டின் போர் விரட்டிய குடும்பங்களிற் பல மீளவில்லை.

வங்களாவடிச் சந்தியில் தேநீர்க் கடையொன்றின் முன் இறங்கினோம். முதியவர் ஒருவர், “தம்பி, எங்கையிருந்து வாறியள்?” என்றார். வண்டியை மடித்துக் காட்டினோம். சிரித்துவிட்டு, “உது மடியுது. எங்கடை சைக்கிள் ரேடியோவும் பாடினது” என்றார். மின்சாரமும் பெற்றோலும் அற்றிருந்த தொண்ணூறுகளிலே, நிறுத்திவைத்த சைக்கிளை மிதித்து டைனமோவால் வானொலி கேட்ட கதையை விரித்துரைத்தார். எரிபொருள் அருகிய 2022இலும் பழைய சைக்கிள்களே மீண்டும் தெருவிறங்கின என்றார். காரிற் சென்றிருப்பின் எம்மை எவர் வினவியிருப்பார்?

யாத்திரை செய்வோர்க்கு ஒரு சொல். சோளகம் வீசும் மாதங்களிற் போகும்போது எதிர்காற்று. திரும்புகையில் அதுவே தள்ளிவரும். வாடைக் காலத்தில் இது தலைகீழாகும். திரும்பும் வழிக்கு வலுவை மிச்சம் வைத்திருத்தல் வேண்டும். குறிகட்டுவானில் மடித்த வண்டி படகிலும் அதிக இடம் கொள்ளாது. வீடு சேர்ந்ததும் உப்புப் படிந்த பாகங்களை நன்னீராற் கழுவிச் சங்கிலிக்கு எண்ணெய் இடுக.

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வளரும் எம்மவர் பிள்ளைகள் விடுமுறைக்கு வருகையில் ஒரு நாளேனும் இத்தெருக்களில் மெல்ல மிதித்துச் செல்லட்டும். படலையோரம் நின்று “இது ஆற்றை வளவு?” என அவர்கள் கேட்டால், விடை கூற வல்ல முதியோர் இன்னும் சிலர் அங்கு உளர். அவர்கள் இருக்கும்போதே கேட்பது நன்று.