தொலைவும் காலமும்

தொலைவை வேகத்தால் வகுத்தால் காலம் கிடைக்கும். ஜொகூர் மாநிலத் தமிழ்ப்பள்ளிகளில் முப்பது ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்திய எனக்கு இவ்விதியில் ஐயம் எழுந்ததே இல்லை, 2024இல் சென்னைக்குப் பறக்கும் வரையில்.

என் தந்தையார் 1936இல், பதினெட்டு வயதில், நாகப்பட்டினத்தில் ‘ரஜுலா’ கப்பல் ஏறியவர். மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைந்த வேகத்தில் வங்கக் கடலைக் கடந்து, பினாங்கைத் தொட்டு, மலாக்கா நீரிணை வழியாகச் சிங்கப்பூரை அடையும் கப்பல் அது. மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்து வந்த ஒரு வாரப் பயணத்தை அவர் அடிக்கடி சொல்வார். பின்னர்க் குளுவாங் வட்டாரத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டினார்.

1962இல் ஒரு மாலை, அவருடைய தாயார் மறைந்த தந்தி வந்தது. கப்பலுக்குப் பணமும் இல்லை. போய்ச் சேர நாளும் இல்லை. தந்தையார் பொதுக்குழாயடியில் தலை முழுகினார். மேற்குத் திசை நோக்கி ஓர் அகல்விளக்கை வைத்துவிட்டு, மறுநாள் விடியுமுன் வேலைக்குப் போனார். சிறுவனாகிய நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரைக் காணாமலே 1979இல் அவரும் மறைந்தார்.

அவருடைய ஊரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று நான் புறப்பட்டேன். 1924இல் திறக்கப்பட்ட ஜொகூர்ப் பாலத்தின் நீளம் ஏறத்தாழ 1 கிலோமீட்டர்தான். சோதனைகளோடு அதைக் கடக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வான்வழித் தொலைவு சுமார் 2,900 கிலோமீட்டர். அதற்கு நான்கு மணி நேரமே. இந்திய நேரம் நம் நேரத்திற்கு இரண்டரை மணி பின்தங்கியது. ஆகவே, காலை 8 மணிக்குப் புறப்பட்ட நான் சென்னையில் இறங்கியபோது அங்குள்ள கடிகாரம் 9.30 காட்டிற்று. அங்கிருந்து நாகப்பட்டினத்திற்குச் சுமார் 300 கிலோமீட்டர். சாலை வழியே ஏழு மணி நேரம்! தொலைவு குறையக் குறையக் காலம் நீண்டதே என்று வியந்தேன்.

ஊரில் எஞ்சியிருந்தவர் என் அத்தை மகள் ஒருவரே. தொண்ணூறை நெருங்கிய அவர் என் கையைப் பற்றிக்கொண்டார்.

“கப்பல் வர்ற நாளெல்லாம் அப்பாயி திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பாங்க தம்பி. இன்னைக்காவது அந்த வீட்டுப் பிள்ளை வந்துச்சே” என்றார்.

நான் விடை சொல்ல இயலாமல் நின்றேன். 1936இல் புறப்பட்டவரின் வருகைக்காகக் காத்திருந்த திண்ணையில் 2024இல் நான் அமர்ந்தேன். ஒரு வாரக் கப்பற்பயணத்தின் மறுவழியைக் கடக்க எங்கள் குடும்பத்திற்கு 88 ஆண்டுகள் ஆகியிருந்தன.

விதி தவறன்று, மாணவர்களே. தொலைவை வேகம் வெல்லும். ஆனால், நம்மை எதிர்பார்த்திருப்பவரின் ஆயுள் அந்தக் கணக்கில் சேர்வதில்லை. அதை நாமே சேர்த்துக்கொண்டு, காலத்தே புறப்பட வேண்டும்.