அஞ்சிய நாய்க்கு ஓர் அரண்

நுழையும்முன்

காவலுக்கென வளர்க்கப்படும் நாய் அஞ்சி ஒடுங்கினால், அதனைக் கோழை என்று ஒதுக்கிவிடுவது எளிது. வேறொரு நாயால் தாக்குண்ட நாயின் உடலிலும் உள்ளத்திலும் நிகழும் மாற்றங்கள் யாவை? அதனை மீட்கும் வழி யாது? அச்சத்தின் இயல்பையும் அதனை ஆற்றும் முறையையும் எடுத்துரைப்பது இக்கட்டுரை.

விலங்கின் அச்சம்

அச்சத்தை எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்தார் தொல்காப்பியர். தெய்வம், விலங்கு, கள்வர், அரசர் ஆகிய நான்கும் அச்சம் தோன்றுவதற்குரிய இடங்கள் என வகுத்தும் காட்டினார். அவ்வகைப்பாட்டில் விலங்கு மனிதரை அச்சுறுத்தும் பொருளாக நிற்கிறது. ஆயின் விலங்குக்கும் அச்சம் உண்டு. தனக்கு நேர்ந்ததைச் சொல்ல மொழியில்லாத உயிர், அதனை உடலாலேயே சொல்கிறது. ஒடுங்கிய வாலும் பின்மடிந்த காதும் அதன் சொற்கள். அவற்றைப் படிக்கத் தெரியாதவர் கண்ணுக்கு அவை கோழைத்தனமாகவோ முரட்டுத்தனமாகவோ தோன்றும்.

தோட்டத்துக் காவல்

திண்டுக்கல்லுக்கு மேற்கே, பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்துள்ளது கன்னிவாடி. மதுரை நாயக்கர் காலத்துப் பாளையங்களுள் ஒன்றாக விளங்கிய ஊர் அது. இத்தகைய அடிவாரச் சிற்றூர்களில் தோட்டத்து வீடுகள் ஒன்றுக்கொன்று தொலைவில் நிற்பதுண்டு. மாட்டுக்கொட்டகை, கிணற்றடி, தட்டைப்போர், களத்தில் குவித்த விளைச்சல் ஆகிய அனைத்துக்கும் இரவுக் காவல் நாயே. அயலார் காலடி ஓசையை வீட்டார் கேட்பதற்கு முன்பே அது கேட்டுவிடுகிறது.

இத்தகைய தோட்டத்து நாயொன்றை மனத்தில் நிறுத்திப் பார்க்கலாம். வழிதவறி வந்த பெரிய நாயொன்று அதனை வீழ்த்திக் கழுத்தைக் கவ்வுகிறது. வீட்டார் கம்போடு ஓடிவந்து விலக்கிவிடுகின்றனர். சண்டை முடிய அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஆயினும் அன்றிலிருந்து அந்நாய் வேலியோரம் செல்வதில்லை. தொலைவில் ஒரு நாய் குரைத்தால் கட்டிலுக்கு அடியில் புகுந்து நடுங்குகிறது. வைத்த சோற்றைத் தொடுவதில்லை. தடவிக்கொடுக்க வந்த குழந்தையைப் பார்த்து உறுமுகிறது. “இனி இது காவலுக்கு ஆகாது; எங்கேனும் கொண்டுபோய் விட்டுவிடலாம்” என்ற பேச்சு அவ்வீட்டில் எழுகிறது. அந்நாயின் வாழ்வும் சாவும் அப்பேச்சின் முடிவில் தொங்குகின்றன.

முதற்கடமை: உடல்

அச்சத்தை ஆற்றுவதற்கு முன் உடலை ஆற்றவேண்டும். நாய்க்கடியின் புண் மேலே சிறு துளையாகவே தெரியும். கோரைப்பல் உள்ளே சென்று தசையைக் கிழித்திருப்பது மயிரின் அடியில் மறைந்திருக்கும். மேற்புறம் விரைவில் மூடிக்கொள்ள, உள்ளே சீழ் பிடிக்கும். சுண்ணாம்பும் மிளகாய்ப்பொடியும் அப்புவது புண்ணை மேலும் புண்ணாக்குமேயன்றி ஆற்றாது. நாயைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்வதே முறை. வலியில் துடிக்கும் நாய் வளர்த்தவரையும் கடிக்கக்கூடும் என்பதால் அதனைத் தூக்குவோர் கவனமாக இருத்தல் வேண்டும். நாயின் உமிழ்நீர் பட்ட புண்ணை வெறுங்கையால் தொடுதலும் கூடாது.

கடித்த நாய்க்கு வெறிநோய் இருந்திருக்கலாம் என்ற ஐயத்தையும் புறந்தள்ளலாகாது. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 மக்கள் இந்நோயால் இறப்பதாக மதிப்பிடப்படுகிறது. நோய்க்குறி தோன்றிய பின் பிழைப்பது அரிது. தோன்றுமுன் தடுப்பது எளிது. எனவே கடியுண்ட நாய்க்கு மருத்துவர் குறிக்கும் நாள்களில் தவறாது தடுப்பூசி போடவேண்டும். இயல்பு மாறி ஒடுங்குவதோ சீறுவதோ வெறிநோயின் குறியாகவும் இருக்கக்கூடும். ஆதலால் மாற்றம் அச்சத்தால் விளைந்ததா, நோயால் விளைந்ததா என்பதை மருத்துவரே தீர்மானிக்கவேண்டும்.

லெனின்கிராடு வெள்ளம்

உடற்புண் ஆறிய பின்னும் அச்சம் ஏன் நீங்குவதில்லை? இவ்வினாவுக்கு 1924ஆம் ஆண்டில் நிகழ்ந்த பேரிடர் ஒன்று விடை தந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 23 அன்று உருசிய நாட்டின் லெனின்கிராடு நகரில் நேவா ஆறு பெருக்கெடுத்தது. உடலியல் அறிஞர் இவான் பாவ்லோவின் ஆய்வு நாய்கள் வெள்ளத்தில் சிக்கின. பணியாளர் அவற்றை நீந்தவைத்துக் காப்பாற்றினர்.

உயிர் பிழைத்த நாய்கள் சில, பழைய நாய்களாக இல்லை. பல மாதங்கள் பயின்று பெற்ற பழக்கங்கள் அவற்றிடமிருந்து மறைந்திருந்தன. நாள்தோறும் உணவுண்ட அதே அறையில் ஒரு நாய் உணவைத் தொட மறுத்தது. ஆய்வாளர் வெளியே இருந்து செய்முறையை நடத்துவதே அங்கு வழக்கம். அவ்வழக்கத்தை மாற்றி அவர் அந்நாயின் அருகிலேயே அமர்ந்திருந்தபோது அது மெல்லத் தேறியது. அறிந்த மனிதரின் அமைதியான உடனிருப்பு மருந்தாயிற்று.

தேறிய பின்னர் கதவிடுக்கின் வழியே சிறிதளவு நீர் அறைக்குள் விடப்பட்டது. அந்நீரைக் கண்ட அளவில் நாயின் கலக்கம் மீண்டும் எழுந்தது. மறைந்தது போல் தோன்றிய அச்சம் அழிந்துவிடவில்லை, உள்ளே உறங்கிக்கிடந்தது. லெனின்கிராட்டு நாய்க்கு ஒழுகும் நீர் எதுவோ, தோட்டத்து நாய்க்கு அயல்நாயின் குரைப்பும் அதுவே.

ஆற்றும் முறை

இவ்வுண்மையை உணர்ந்தவர் அவசரப்படமாட்டார். தாக்குண்ட நாய்க்கு முதல் சில நாள்கள் ஓய்வே தேவை. கொட்டகையின் மூலையிலோ திண்ணை ஓரத்திலோ, பழைய சாக்கு விரித்த ஒதுக்கிடம் ஒன்று அதற்கென அமையவேண்டும். அங்கிருந்து அதனை இழுத்து வெளியேற்றுதல் கூடாது. வளர்ப்பவர் சற்றுத் தள்ளி அமர்ந்து தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். நாய் தானே நெருங்கி வரும். நெருங்கி வந்த நாயைத் தடவிக்கொடுத்தால் அச்சம் வளரும் என்று கருதுவோர் உளர். அது தவறு. ஆறுதல் அச்சத்தை வளர்ப்பதில்லை.

உறுமும் நாயை அடிப்பது பெரும்பிழை. உறுமல் என்பது ‘அருகில் வாராதே’ என்னும் எச்சரிக்கை. அடிக்கு அஞ்சி உறுமலை விட்ட நாய், அச்சத்தை விட்டுவிடுவதில்லை. அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கும். அந்நாள்களில் குழந்தைகளைத் தள்ளி நிறுத்துவதே இரு சாராருக்கும் காவல்.

அடுத்த படி, அஞ்சும் பொருளோடு நல்லதொன்றை இணைப்பது. இம்முறையை மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அமெரிக்க உளவியலார் 1924ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் விளக்கினார். முயலைக் கண்டு அஞ்சிய சிறுவனுக்கு, அவன் விரும்பிய உணவைக் கொடுத்துக்கொண்டே முயலைச் சிறிது சிறிதாக அருகில் கொண்டுவந்தார். முடிவில் அச்சிறுவன் முயலைத் தொட்டு விளையாடினான்.

நாய்க்கும் இது பொருந்தும். அமைதியான வேறொரு நாயைக் கயிற்றில் பிடித்து, அஞ்சிய நாய் பார்த்தும் கலங்காத தொலைவில் நிறுத்தவேண்டும். அது நூறடியாயினும் இருநூறடியாயினும் சரி. தொலைவை அளப்பது நாயின் மனமேயன்றி மனிதர் விருப்பமன்று. அந்நாய் கண்ணில் பட்டவுடன் சிறிது கறியோ முட்டையோ தரவேண்டும். அது மறைந்ததும் தருவதை நிறுத்தவேண்டும். ‘அயல்நாய் வந்தால் நல்லது வரும்’ என்பதை உள்ளம் இவ்வாறு கற்கும். உண்ண மறுத்தலும், கொட்டாவி விடுதலும், உதட்டை நக்குதலும், முகத்தைத் திருப்புதலும் கலக்கத்தின் குறிகள். அவை தோன்றினால் தொலைவைக் கூட்டவேண்டும். ஒருநாள் பத்தடி முன்னேறிய நாய் மறுநாள் இருபதடி பின்வாங்கலாம். அப்பின்வாங்கல் தோல்வியன்று, கதவிடுக்கில் கசிந்த நீர் அது.

தெரிந்து தெளிவோம்

திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. பூசலில் இறந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனோடு, அவனுடைய நாயாகிய கோவிவன் கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற செய்தியையும் அக்கல்வெட்டு கூறுகிறது.

வீரமும் பரிவும்

வீரம் காட்டிய நாய்க்குக் கல் நட்ட மரபு தமிழர் மரபு. அஞ்சிய நாய்க்குக் கல் இல்லை. அதற்கு வேண்டியதும் கல் அன்று, காலமே. சில கிழமைகளில் தேறும் நாயும் உண்டு. பல மாதங்கள் கேட்கும் நாயும் உண்டு. சில நாய்கள் பழைய துடிப்பை முழுமையாக அடையாமலும் போகலாம். வேலிவரை ஓடாவிட்டாலும் திண்ணையில் இருந்தபடியே அயலாரைக் கண்டு குரைக்கும் நாய், தன் கடமைக்குத் திரும்பிய நாயே.

அச்சத்தை அதட்டி விரட்ட இயலாது. அஞ்சியவர் அருகில் அமைதியாக அமர்ந்து, அவர் எடுத்துவைக்கும் சிறு அடிக்குக் காத்திருப்பதே அதனைத் தணிக்கும். இது நாய்க்கு மட்டும் உரிய உண்மையன்று. வகுப்பறையில் எழுந்து பேச நடுங்கும் மாணவருக்கும், விபத்துக்குப் பின் சாலையைக் கடக்கத் தயங்கும் முதியவருக்கும் இதுவே பொருந்தும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் நாய்க்கடிக்குச் செய்யப்படும் வீட்டு மருத்துவ முறைகளைக் கேட்டறிந்து, அவற்றின் தகுதியைக் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் உசாவி எழுதுக.

2. ‘உறுமல் ஓர் எச்சரிக்கை’ என்னும் கருத்தைச் சிறுவர்களுக்கு விளக்கும் சுவரொட்டி ஒன்றை உருவாக்குக.

3. அச்சத்திலிருந்து மீள உடனிருப்பு எவ்வாறு துணைசெய்கிறது என்பதை வகுப்பறையில் கலந்துரையாடுக.