பதினஞ்சு பீடி நேரம்

'கம்ப்யூட்டர் சயின்ஸ்தானே படிக்கே... இதைச் சரி பண்ணத் தெரியாதா?'

பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற எல்லாரும் வாழ்க்கையில ஒரு தடவையாச்சும் கேட்டிருப்பீங்க இந்தக் கேள்வியை. பக்கத்து வீட்டு மாமாவோட பிரின்டர், அத்தையோட செல்போன், கேபிள் டி.வி. ரிமோட்னு எதுவும் பாக்கி கிடையாது. எனக்கு இது வரைக்கும் வெளியாளுங்கதான் கேட்டிருக்காங்க. போன வருஷம் முதல் தடவையா அம்மா கேட்டாங்க. கேட்டது ஒரு தடவைதான். ஆனா, சுருக்குனு இருந்துச்சு பாஸ்!

எங்க வீட்டு லேப்டாப்போட வரலாறைச் சொல்லிடறேன். 2019-ல அக்கா எம்.எஸ்சி. சேர்ந்தப்போ, அம்மா மகளிர் குழுவுல லோன் போட்டு 28 ஆயிரத்துக்கு வாங்கினது. அம்மா பீடி சுத்துறவங்க. தென்காசிப் பக்கம் எங்க ஊர்ல வீட்டுக்கு வீடு அதுதான். மடியில சொளவு, அதுல இலை, தூள், நூல். இருபத்திநாலு தவணை அந்தச் சொளவுல இருந்துதான் போச்சு. அக்கா படிச்சு முடிச்சு, சென்னையில வேலைக்குப் போயிட்டா. ஆபீஸ்லயே அவளுக்கு லேப்டாப் குடுத்துட்டாங்க. பழசு எனக்கு வந்துச்சு, சுடிதார் மாதிரி.

எட்டாவது தலைமுறை ஐ3. 4 ஜி.பி. ரேம். 1 டி.பி. ஹார்டு டிஸ்க். என் பிராஜெக்ட் அதுலதான். அதைவிட முக்கியமா, அம்மா அவங்க குழுவுக்கு ஊக்குநர். பன்னிரண்டு பேரோட சந்தா, உள்கடன், வட்டின்னு மூணு வருஷக் கணக்கை நான்தான் எக்செல்ல ஏத்தி வெச்சிருந்தேன். 'இனிமே நோட்டு எதுக்கும்மா? எல்லாம் இதுக்குள்ள இருக்கு'ன்னு பெருமையா வேற சொல்லியிருந்தேன். அம்மா சிரிச்சுட்டு நோட்டுலயும் எழுதிட்டே இருந்தாங்க. பழக்க தோஷம்னு நினைச்சுக்கிட்டேன்.

2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடியுதுன்னு அறிவிச்சிருந்தாங்க இல்லையா? கிளாஸ்ல எல்லாரும் விண்டோஸ் 11-க்கு மாறிட்டு இருந்தாங்க. பதிவு பண்ணிக்கிட்டா பழசுலயே இன்னும் ஒரு வருஷம் பாதுகாப்பு அப்டேட் வாங்கிக்கிற வழி அப்ப இருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். என் லேப்டாப்புக்குத் தகுதி இருக்கான்னு பார்த்தேன். 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. இடம், டி.பி.எம். 2.0, எட்டாவது தலைமுறை பிராசஸர்... எல்லாத்துலயும் பச்சை டிக்! பார்டர்ல பாஸ் பண்ணினவன் ரேங்க் வாங்கின மாதிரி குதிச்சேன். குறைந்தபட்சத் தகுதின்னா 'ஓடும்'னு அர்த்தம், 'சந்தோஷமா ஓடும்'னு அர்த்தம் இல்லை. அது மண்டையில ஏறலை.

அப்கிரேடு ராத்திரி ஆரம்பிச்சு மறுநாள் மத்தியானம் முடிஞ்சுது. ஸ்டார்ட் பட்டன் நடுவுக்கு வந்துச்சு. மூலையெல்லாம் வழவழன்னு வளைஞ்சிருந்துச்சு. அழகுதான். ஆனா, எதைத் தொட்டாலும் அந்த நீல வட்டம் சுத்த ஆரம்பிச்சுது. சுத்திச்சு... சுத்திக்கிட்டே இருந்துச்சு. பவர் பட்டனை அழுத்தி, பாஸ்வேர்டு போட்டு, எக்செல் திறக்கிறதுக்குள்ள அம்மா எத்தனை பீடி சுத்துறாங்கன்னு ஒரு நாள் எண்ணினேன். பதினஞ்சு. கிட்டத்தட்ட பத்து நிமிஷம்!

அக்காவுக்கு போன் போட்டேன். 'ஏட்டி, நல்லா இருந்ததை ஏன் தொட்ட? பழையபடி மாத்து'ன்னா. மாத்தலாம்தான். அப்கிரேடு ஆனதுல இருந்து பத்து நாளைக்குள்ள ரெக்கவரியில போய், 'கோ பேக்' அழுத்தினா பழைய விண்டோஸ் திரும்பி வரும். நான் போய்ப் பார்த்தது பன்னிரண்டாவது நாள்.

அடுத்து ஒரு அறிவாளித்தனம் பண்ணினேன். ஏதோ ஒரு 'ஸ்பீடு பூஸ்டர்' சாஃப்ட்வேரை இறக்கி ஓட விட்டேன். '1,247 பிரச்னைகள்'னு சிவப்புல காட்டுச்சு. சரி பண்ணணும்னா காசு கட்டணுமாம். கட்டலை. ஆனா அது போகவும் மாட்டேங்குது, லேப்டாப் ஆன் ஆகும்போதெல்லாம் தானும் எழுந்து உட்கார்ந்து, 'பிரச்னை... பிரச்னை'ன்னு கூவுது. பதினஞ்சு பீடி பதினெட்டு ஆச்சு.

அப்புறம்தான் திருநெல்வேலியில ஒரு சர்வீஸ் கடைக்கு எடுத்துட்டுப் போனேன். கவுன்டர்ல இருந்தவர் ஆன் பண்ணி, ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு, 'போர்டு போயிட்டும்மா. எக்ஸ்சேஞ்ச்ல போட்டுட்டுப் புதுசு வாங்கிரு'ன்னார். 'எதை வெச்சு போர்டுன்னு சொல்றீங்க?'ன்னு கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்துட்டு, 'வீட்டுல அண்ணன், தம்பி யாராச்சும் இருந்தா கூட்டிட்டு வா... வெளக்கமாச் சொல்லுதேன்'னார்.

எனக்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. லேப்டாப்பைப் பையில போட்டுக்கிட்டு பஸ் ஏறிட்டேன். அன்னிக்கு ராத்திரிதான் அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டாங்க. கோபமா எல்லாம் இல்லை. பேங்க்ல குழுவுக்குப் புது லோன் தர்றதுக்குக் கணக்கு கேட்டிருந்தாங்க. அதைப் பிரின்ட் எடுக்கணும். இலையை வெட்டிக்கிட்டே, நிமிராம கேட்டாங்க.

சரி, படிச்சதை ஒரு தடவையாச்சும் பயன்படுத்திப் பார்ப்போம்னு உட்கார்ந்தேன். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்தினா டாஸ்க் மேனேஜர் வரும். வந்துச்சு, மூணு பீடி கழிச்சு. சி.பி.யூ. வெறும் 12 சதவிகிதம். ரேம் 88. டிஸ்க் 100!

பெர்ஃபார்மன்ஸ்ங்கிற பக்கத்துல டிஸ்க்கைத் தொட்டுப் பார்த்தேன். இங்கேதான் எனக்குப் பொறி தட்டுச்சு. நூறு சதவிகிதம் பிஸின்னு காட்டுது. ஆனா, எவ்வளவு படிக்குதுன்னு பார்த்தா, ஒரு செகண்டுக்கு 1 எம்.பி.கூட இல்லை. நாள் முழுக்க ஓடியாடி வேலை பார்த்தேன்னு சொல்ற ஆளு, சாயந்திரம் காட்டுறது ஒத்தைப் பீடின்னா எப்படி?

ஹார்டு டிஸ்க்குக்குள்ள நிஜமாவே ஒரு தட்டு சுத்துது. நம்ம லேப்டாப்கள்ல பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5,400 சுத்து. அதாவது செகண்டுக்கு 90. தட்டுக்கு மேல ஒரு சின்னக் கை அங்கிட்டும் இங்கிட்டும் ஓடிப் படிக்கும். ஒரே இடத்துல வரிசையா இருந்தா சடசடன்னு செகண்டுக்கு நூறு எம்.பி. வரைக்கும் எடுத்துரும். அங்கங்கே சிதறிக்கிடந்தா, கை நகர்ந்து, தட்டு சுத்தி வந்து... செகண்டுக்கு அறுபது, எழுபது இடத்துக்கு மேல ஓட முடியாது. 4 ஜி.பி. ரேம்ல இடம் பத்தலைன்னா, விண்டோஸ் மிச்சத்தைத் தூக்கி டிஸ்க்குல வைக்கும். வேணும்னா திரும்ப எடுக்கும். அந்த ஒத்தைக் கைக்கு மூச்சு விட நேரம் ஏது?

ஆனா, அதுக்கும் ஒரு அளவு இருக்குல்ல? அப்கிரேடு ஆன புதுசுல தேடுறதுக்கான இண்டெக்ஸ் போடும், வைரஸ் ஸ்கேன் ஓடும், ஆப்ஸ் எல்லாம் அப்டேட் ஆகும். ஒண்ணு, ரெண்டு நாள் மெதுவா இருக்கிறது சகஜம். பொறுமையா சார்ஜர்ல போட்டு விட்டா அடங்கிரும். எனக்கு ரெண்டு வாரம் ஆகியும் அடங்கலை. பூஸ்டரைத் தூக்கினேன். ஸ்டார்ட்அப் ஆப்ஸ்ல ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தாங்க. ஏழு பேரை எழுப்பி விட்டேன். பதினெட்டு பீடி பன்னிரண்டு ஆச்சு. அவ்வளவுதான்.

கடைசியா, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர். டிஸ்க்கே தன் உடம்பைப் பத்தி எழுதி வெச்சுக்கிற டைரியைப் படிச்சுக் காட்டும். நல்லா இருந்தா நீலம். என்னது மஞ்சள். 'காஷன்'. படிக்க முடியாம 'பெண்டிங்'ல கிடந்த செக்டார்களுக்கு நேரா 18-னு இருந்துச்சு. பதினெட்டுதானேன்னு விடப் பார்த்தேன். அப்புறம்தான் உறைச்சுது, அது ஹெக்ஸாடெசிமல். 24! முதல் செமஸ்டர்ல 'இது எதுக்குடா படிக்கிறோம்?'னு திட்டின அதே ஹெக்ஸாடெசிமல். மேடம், மன்னிச்சிருங்க.

ஆக, அப்கிரேடு எதையும் கெடுக்கலை. டிஸ்க் முன்னாடியே போயிட்டு இருந்திருக்கு. யோசிச்சுப் பார்த்தா, ஆடி மாசமே 'டிக்... டிக்'னு ஒரு சத்தம் வந்துச்சு. மின்விசிறின்னு நினைச்சேன். அப்கிரேடுன்னு பல ஜி.பி.யை அதுல எழுதி, மூலை முடுக்கெல்லாம் தடவிப் பார்த்ததுல குட்டு வெளிப்பட்டுருச்சு. கால் வலிக்குதுன்னு சொல்லாம இருந்த பாட்டியை, நாமளே மலைக்கோயிலுக்குக் கூட்டிட்டுப் போன கதை.

உடனே வயித்துல புளியைக் கரைச்சுது. மூணு வருஷக் கணக்கு! அது வேற எங்கேயும் கிடையாது.

இந்த நேரத்துல டிஸ்க்கை ஸ்கேன் பண்றது, ரிப்பேர் பண்றதுன்னு இறங்கக் கூடாது. இருக்கிற கொஞ்ச உயிரும் அதுல போயிரும். முதல்ல எடுக்க முடியறதை எடுக்கணும். அதுவும் ஒட்டுமொத்தமா இல்லை, முக்கியமானது முதல்ல. தோழிகிட்ட 32 ஜி.பி. பென் டிரைவ் வாங்கி, குழு ஃபோல்டரை முதல்ல போட்டேன். 2025 வந்துச்சு. 2024 வந்துச்சு. 2023-ல நின்னுச்சு. நீல வட்டம். டிக்... டிக். அப்புறம் ஒரு பெட்டியில 'சைக்ளிக் ரிடண்டன்ஸி செக்'னு ஒரு எர்ரர். நாலு தடவை முயற்சி பண்ணினேன். நாலு தடவையும் அதே. என் பிராஜெக்ட் முழுசா வந்துருச்சு. அக்கா போட்டோவுல ரெண்டு போச்சு. 2023 வரவே இல்லை.

அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு ஒரு மணி நேரம் வாசல்ல உட்கார்ந்திருந்தேன். சொன்னேன். அம்மா எதுவும் பேசலை. எழுந்து போய், பீரோவுல இருந்து நீல அட்டை போட்ட நோட்டை எடுத்துட்டு வந்தாங்க. 'ஜனவரியில இருந்து வாசிக்கட்டா?'

மறுநாள் பாளையங்கோட்டையில ஒரு சின்னக் கடை. ரேடியோ, சி.சி.டி.வி.ன்னு எல்லாம் பார்க்கிற அண்ணாச்சி. 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒண்ணு, பழைய 4 ஜி.பி. ரேம் ஒண்ணு. ரேம் விலை ஏற ஆரம்பிச்சிருந்த நேரம், அதனால பழசு. ரெண்டும் சேர்த்து மூவாயிரத்துக்குள்ள முடிஞ்சுது. 'நானே மாட்டிக்கிடுதேன் அண்ணாச்சி'ன்னேன். அண்ணனைக் கூட்டிட்டு வான்னு அவர் சொல்லலை. சின்ன ஸ்க்ரூ டிரைவரைக் கையில குடுத்து, 'திரும்பக் கொண்டாந்து குடுத்துரணும்'னார். கூடவே ஒரு யோசனையும் சொன்னார். ஒரு பேப்பர்ல லேப்டாப்போட அடிப்பக்கத்தை வரைஞ்சு, கழட்டுற ஸ்க்ரூவை எல்லாம் அதே அதே இடத்துல குத்தி வெச்சிரணும். ஏன்னா எல்லாம் ஒரே நீளம் இல்லை. மாத்திப் போட்டா, நீளமானது உள்ளே போய்க் கிழிச்சிரும்.

பதினோரு ஸ்க்ரூ. மூடியைத் திறந்ததும் முதல் வேலை, பேட்டரி இணைப்பைப் பிடுங்குறது. அப்புறம் பழைய டிஸ்க்கை வெளியே எடுத்து, அதே இடத்துல எஸ்.எஸ்.டி. அதுல சுத்துறதுக்குத் தட்டும் இல்லை, ஓடுறதுக்குக் கையும் இல்லை. காலியா இருந்த ஸ்லாட்டுல ரேமைச் சாய்ச்சு வெச்சு அழுத்தினா, 'க்ளிக்'. கெட்டுப்போன டிஸ்க்கை அப்படியே குளோன் பண்ணினா குப்பையும் சேர்ந்து வரும்னு, தோழியோட லேப்டாப்புல பென் டிரைவ் தயார் பண்ணி விண்டோஸைப் புதுசாவே போட்டேன். லைசென்ஸுக்குக் காசு போகுமோன்னு பயந்தேன். அது மதர்போர்டோட பதிவாகியிருக்கும், நெட்ல இணைச்சதும் தானா ஏத்துக்கிச்சு. அந்தக் கடைக்காரர் 'போயிட்டு'ன்னு சொன்ன அதே போர்டுதான்!

நீங்களும் திறக்கப் போறீங்கன்னா, ஒண்ணே ஒண்ணு. டிஸ்க்குல என்கிரிப்ஷன் ஆன் ஆகியிருக்கான்னு செட்டிங்ஸ்ல பார்த்து, ரெக்கவரி கீயை முதல்ல ஒரு தாள்ல எழுதி வெச்சுக்கோங்க. எனக்கு ஆன் ஆகலை, தப்பிச்சேன்.

ரெண்டு ராத்திரி 2023-ஐத் திரும்ப ஏத்தினோம். அம்மா வாசிக்க, நான் அடிக்க. 'மார்ச், அஞ்சாம் நம்பர், உள்கடன் ரெண்டாயிரம்... அவ மவளுக்கு அப்பத்தான் ஆபரேஷன்.' எக்செல்ல இருந்தப்போ அதெல்லாம் எனக்கு வெறும் கட்டங்கள். ஜூன்ல நான் தப்பா ஏத்தியிருந்த ஒரு வட்டியையும் அம்மா கண்டுபிடிச்சாங்க. ரெண்டு வருஷமா நூத்தி இருபது ரூபாய் இடிச்சுக்கிட்டு இருந்திருக்கு. எனக்குத்தான் அது தெரியலை.

வேலை முடிஞ்ச அன்னிக்கு லேப்டாப்பை முழுசா ஆஃப் பண்ணிட்டு, அம்மா முன்னாடி வெச்சு ஆன் பண்ணினேன். பாஸ்வேர்டு, எக்செல், கணக்கு. அம்மா கையில இருந்த பீடிக்கு இன்னும் நூல் சுத்தி முடிக்கலை.

'அதுக்குள்ளயா?'ன்னாங்க.

ஸ்க்ரூ டிரைவரை அண்ணாச்சிகிட்ட குடுத்தாச்சு. பழைய டிஸ்க்கைக் குப்பையில போடப் போனேன், அம்மா விடலை. எல்.ஐ.சி. பேப்பர் இருக்கிற கவர்ல போட்டு, பீரோவுல வெச்சுப் பூட்டிட்டாங்க.

'எதுக்கும்மா? அது செத்துப்போச்சு.'

'இருக்கட்டும். 2023 அதுக்குள்ளதானே கெடக்கு?'