கேசட்டில் பேசாதவை

ஜூனோ டியாஸின் சிறுகதைகளை நாற்பது வயதுக்கு மேல்தான் படித்தேன். 1968ல் டொமினிகன் குடியரசில் பிறந்து, சிறுவயதிலேயே அமெரிக்காவின் நியூ ஜெர்சிக்குப் போனவர். முதல் தொகுப்பு 'டிரௌன்' 1996ல் வந்தது. அதில் ஒரு கதையில் அப்பா அமெரிக்கா போய்விடுகிறார். அம்மா சாக்லேட் கம்பெனியில் பாடுபட்டு இரண்டு பையன்களை வளர்க்கிறாள். வருகிறேன் என்று அப்பாவிடமிருந்து கடிதம் வருகிறது. ஆள் வருவதில்லை. அதற்கு மேல் தாங்க முடியாமல் அம்மா, பிள்ளைகளையும் விட்டுவிட்டுச் சில வாரங்கள் எங்கோ போய்விடுகிறாள். அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஒரு பொங்கலுக்கு வருகிறேன் என்று சொல்லி வராமல் போனவர்தான் எங்கள் அப்பாவும்.

எங்கள் வீடு வடசென்னையில். அங்கே மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை 1969ல் ஓடத் தொடங்கியது. எங்கள் தெருவில் பலரும் அந்த ஆலையில் காண்ட்ராக்ட் ஆட்கள். பராமரிப்புக்கு ஆலையை நிறுத்தும் ஷட்டவுன் வந்தால் ராப்பகலாக வேலை, முடிந்தால் வீடு. அப்பா வெல்டர். அந்தக் கைத்தொழிலை நம்பி எண்பதுகளில் சவூதிக்குப் போனார். ஏஜெண்டுக்குக் கொடுக்க அம்மாவின் நகைகள் சேட்டுக் கடைக்குப் போயின.

அப்போது தெருவில் யார் வீட்டிலும் போன் கிடையாது. கேசட்டில் பேசி அனுப்புவோம். ராத்திரி கதவைச் சாத்தி, டேப் ரிக்கார்டரை அரிசி டின் மேல் வைத்து, அம்மா எங்களைச் சுற்றி உட்கார வைப்பாள். தம்பிக்கு வீசிங். காற்றில் கேஸ் நாற்றம் அடிக்கும் நாட்களில் மூச்சு இழுக்கும். ஒருமுறை அவன் இருமல் கேசட்டில் பதிந்துவிட்டது. அம்மா டேப்பைப் பின்னால் ஓட்டி, அந்த இடத்தைத் தேடிப் பிடித்து, அதன் மேல் அத்தை வீட்டுக் கல்யாணத்தைப் பற்றிப் பேசிப் பதிந்தாள். "அவ்ளோ தூரத்துல இருக்குற மனுசன் இன்னா பண்ணுவாரு?" என்றாள்.

அப்பா மேல் எனக்கு நெடுநாள் கோபம் இருந்தது. டியாஸ் தொகுப்பின் கடைசிக் கதையில், அமெரிக்காவில் அப்பா எப்படி வாழ்ந்தார் என்பதை மகனே சொல்கிறான். அந்த அப்பா நல்லவரும் இல்லை, ஆனாலும் மகன் அவரை விட்டுக்கொடுக்காமல் பின்தொடர்கிறான். அதைப் படித்த பிறகுதான் அப்பாவிடம் உட்கார்ந்து கேட்டேன். அந்தப் பொங்கலின்போது கம்பெனி மாதக்கணக்கில் சம்பளம் தரவில்லையாம், பாஸ்போர்ட்டும் அவர்கள் கையில். எங்களுக்கு வந்த கேசட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "சொல்லியிருந்தா உங்கம்மா தூங்கியிருப்பாளா?" என்றார்.

இப்படிச் சொல்லப்படாமல் போன கதைகள் எங்கள் பக்கத்தில் இன்னும் உண்டு. 1964ல் பர்மாவில் கடைகள் அரசுடைமையான பிறகு கப்பலேறி வந்த தமிழர்கள் எண்ணூரிலும் வியாசர்பாடியிலும் குடியேறினார்கள். அவர்கள் கொண்டுவந்த அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸை இன்று ஊரே சாப்பிடுகிறது, அந்த வீட்டுப் பெண்கள் பட்ட பாட்டைச் சொல்லும் கதைகளைத் தேடித்தான் படிக்க வேண்டியிருக்கிறது. கடல் கடந்து போன ஆண்களைத் தமிழில் நிறைய எழுதியிருக்கிறோம். காத்திருந்த வீட்டை எழுதியது குறைவு.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு அம்மாவோ ஆயாவோ இருந்தால், கடிதத்தில் எழுதாமல் விட்டது என்ன என்று இப்போதே கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள்.