பட்டியல் முதலில்... பெட்டி அப்புறம்! - அமெரிக்காவின் சவப்பெட்டி ஷோரூமுக்குள் ஒரு நடை

அமெரிக்காவின் சிறு நகரங்களில் 'ஃப்யூனரல் ஹோம்' எங்கே என்று யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. ஊரில் இருக்கும் பழைய, அழகான வீடுகளில் ஒன்று பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். வெள்ளைத் தூண்கள், சீராக வெட்டிய புல்தரை, விசாலமான பார்க்கிங். உள்ளே நுழைந்தால் காலடிச் சத்தம் கேட்காத கார்ப்பெட், மென்மையான விளக்கு வெளிச்சம், மேஜைகள் மீது டிஷ்யூ பேப்பர். வரவேற்பறை, பிரார்த்தனைக் கூடம், இறந்தவரின் உடலைக் கடைசியாகப் பார்க்கும் அறை என எல்லாமே ஒரு பெரிய வீட்டைப் போலவே இருக்கும்.

ஓர் அறை மட்டும் கடை. அதற்கு 'செலக்‌ஷன் ரூம்' என்று பெயர். மூடி பாதி திறந்த நிலையில் சவப்பெட்டிகள் அங்கே வரிசையாக நிற்கும். உள்ளே தலையணை, மடிப்பு வைத்துத் தைத்த துணி. பளபளக்கும் செம்பு ஒரு பக்கம், தேக்கு போல மினுக்கும் மகோகனி இன்னொரு பக்கம்.

அங்கே வருபவர்கள் யார்? முந்தைய நாள் வரை ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்த மனைவி. வெளியூரிலிருந்து ராத்திரி விமானம் பிடித்து வந்திறங்கிய மகன். ஒரு கார் வாங்க மூன்று மாதம் யோசிக்கிற குடும்பம், இங்கே ஆயிரக்கணக்கான டாலர் செலவை ஒரு மணி நேரத்துக்குள் முடிவு செய்கிறது. பேரம் பேச மனம் வராது. 'அப்பாவுக்குப் போய்க் கணக்குப் பார்ப்பதா?' என்ற எண்ணம் தொண்டையை அடைக்கும். இந்த அறையை எப்படி அடுக்குவது என்பதற்கு அமெரிக்காவில் தனி சாஸ்திரமே எழுதினார்கள். அதைத் தடுக்கச் சட்டமும் எழுதினார்கள்.

தச்சுக்கடையில் தொடங்கிய தொழில்

19-ம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை அமெரிக்காவிலும் சாவு வீட்டுக் காரியங்கள் வீட்டில்தான் நடந்தன. உடலைக் குளிப்பாட்டுவது உறவுக்காரப் பெண்கள். பெட்டி செய்து தருவது ஊர்த் தச்சர். கட்டிலும் நாற்காலியும் செய்யும் கடையிலேயே சவப்பெட்டியும் கிடைத்தது.

1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போர் இதை மாற்றியது. தூரத்துப் போர்க்களங்களில் இறந்தவர்களைச் சொந்த ஊருக்கு அனுப்ப 'எம்பாமிங்' தேவைப்பட்டது. அதன்பின் அது தனித் தொழிலாக வளர்ந்தது. தோள்பட்டையில் அகன்று காலருகே குறுகும் ஆறு பக்கப் பெட்டியான 'காஃபின்' மெல்ல விடைபெற, செவ்வக வடிவ 'கேஸ்கட்' வந்தது. அந்தச் சொல்லுக்கு அதுவரை நகைப்பெட்டி என்றுதான் பொருள்!

இண்டியானா மாநிலத்தில் பேட்ஸ்வில் என்றொரு சிற்றூர். அந்த ஊரின் பெயரையே தாங்கிய நிறுவனம்தான் இன்று அமெரிக்காவின் மிகப்பெரிய சவப்பெட்டித் தயாரிப்பாளர்களில் ஒன்று. 1884-ல் தொடங்கிய தொழில் அது. சுற்றிலும் இருந்த காடுகளின் மரத்தை நம்பி எழுந்த தச்சுத் தொழிலின் தொடர்ச்சி.

18 கேஜ், 20 கேஜ்...

செலக்‌ஷன் ரூமில் புழங்கும் மொழியே வேறு. இரும்புப் பெட்டி என்றால் 'கேஜ்' கணக்கு. 20 கேஜ் மெல்லிய தகடு, 18 கொஞ்சம் கனம், 16 இன்னும் கனம். எண் குறையக் குறைய விலை ஏறும். செம்பும் வெண்கலமும் சதுர அடிக்கு இத்தனை அவுன்ஸ் என்ற கணக்கில் வரும். மரத்தில் பைன், பாப்லர் தொடங்கி மேப்பிள், செர்ரி வழியாக வால்நட், மகோகனி வரை படிப்படியாக ஏறலாம். உள்ளே விரிப்பது சாதாரண கிரேப் துணியா, வெல்வெட்டா என்பதற்கும் தனி விலை.

நுகர்வோர் நலனைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் தரும் கணக்குப்படி, சராசரிப் பெட்டி ஒன்று 2,000 டாலருக்குச் சற்று அதிகம். மகோகனி, செம்பு, வெண்கலம் என்று போனால் 10,000 டாலர் வரை ஆகலாம்.

பெட்டியோடு முடிவதில்லை. அதைச் சுற்றி மண்ணுக்குள் வைக்கும் கான்கிரீட் 'வால்ட்', விருந்தினர் கையெழுத்துப் புத்தகம், நினைவு அட்டைகள், அஸ்திக் கலசம், அஸ்தியில் ஒரு சிட்டிகை வைத்துக்கொள்ளும் லாக்கெட் என அலமாரிகள் நீள்கின்றன. அமெரிக்க ஃப்யூனரல் டைரக்டர்கள் சங்கத்தின் 2023 கணக்கில், உடலைப் பார்வைக்கு வைத்து அடக்கம் செய்யும் சடங்குக்கு நடுத்தரச் செலவு 8,300 டாலர். கல்லறை நிலமும் கான்கிரீட் வால்ட்டும் இதில் சேராது.

வலப்பக்கம் திரும்பும் கால்கள்

1950-களில் இந்தத் தொழிலுக்கான நிர்வாகக் கையேடு எழுதிய வில்பர் கிரீகர், பெட்டிகளை அடுக்குவதற்கு ஒரு வரைபடமே கொடுத்தார். அறைக்குள் நுழைபவர்களில் பெரும்பாலானோர் வலப்பக்கம்தான் திரும்புவார்கள் என்பது அவர் நம்பிக்கை. அதனால் வலப்பக்க நடைபாதைக்கு 'அணுகும் பாதை' என்று பெயர். நடுத்தர விலையைவிடச் சற்றுக் கூடுதலான பெட்டிகளுக்கு அங்கே இடம். இடப்பக்கத்துக்கு வைத்த பெயர் 'எதிர்ப்புச் சந்து'!

முதலில் காட்டிய பெட்டியை வாடிக்கையாளர் விலை அதிகம் என்று சொன்னால், அடுத்து அழைத்துப் போவது மிகவும் மலிவான பெட்டியிடம். அது சுமாராகத் தெரியும். அவர் முகம் சுளித்ததும், இரண்டுக்கும் இடைப்பட்ட மூன்றாவது பெட்டி தயாராக நிற்கும். 'இது பரவாயில்லையே' என்று அவரே சொல்லிவிடுவார். யாரும் எதையும் திணிக்கவில்லை. பெட்டிகள் நிற்கும் இடமே வேலையை முடித்துவிடுகிறது.

இதை ஊருக்கெல்லாம் போட்டு உடைத்தவர் ஜெசிகா மிட்ஃபோர்ட். இங்கிலாந்தில் பிறந்து கலிஃபோர்னியாவில் வாழ்ந்த பத்திரிகையாளர். அவருடைய கணவர் தொழிற்சங்க வழக்கறிஞர். இறந்த தொழிலாளிகளின் குடும்பங்களுக்குச் சங்கம் வாங்கித்தந்த பணம், இறுதிச்சடங்குக்கே கரைந்துபோவதை அவர் கவனித்தார். அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் மிட்ஃபோர்டின் 'தி அமெரிக்கன் வே ஆஃப் டெத்'. 1963-ல் வந்து விற்பனையில் கொடிகட்டிப் பறந்த புத்தகம். கிரீகரின் வரைபடம் அதில் நையாண்டியோடு விரிகிறது. தொழில்காரர்கள் கொதித்தார்கள், வாசகர்கள் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள்.

காகிதத்தை முதலில் காட்டு!

அந்தக் கேள்விகள் சட்டமாக மாற இருபது வருடங்கள் ஆகின. 1984-ல் ஃபெடரல் டிரேட் கமிஷனின் 'ஃப்யூனரல் ரூல்' நடைமுறைக்கு வந்தது. அதன் முக்கியமான அம்சங்கள் இவை:

* சவப்பெட்டிகளைக் காட்டும் முன்பே அவற்றின் விலைப்பட்டியலை வாடிக்கையாளரிடம் காட்ட வேண்டும்.
* நேரில் வந்து விசாரிப்பவருக்கு எல்லாச் சேவைகளின் விலையும் அடங்கிய பொதுப் பட்டியலை, கையோடு எடுத்துப்போகக் கொடுக்க வேண்டும். போனில் கேட்டாலும் விலை சொல்ல வேண்டும்.
* வெளியே வாங்கிவந்த பெட்டியை மறுக்கக் கூடாது. அதற்காகத் தனிக் கட்டணமும் வசூலிக்கக் கூடாது.
* சடங்கு எதுவுமின்றி நேரடியாகத் தகனம் செய்ய சவப்பெட்டி கட்டாயம் என்று சொல்லக் கூடாது. அட்டையாலோ சாதாரண மரத்தாலோ ஆன எளிய பெட்டி கைவசம் இருக்க வேண்டும்.
* ரப்பர் சீல் வைத்த பெட்டி உடலைக் காலாகாலத்துக்கும் கெடாமல் காக்கும் என்று சொல்லக் கூடாது.

முதல் விதியைப் பார்க்கையில் சின்ன விஷயமாகத் தோன்றும். அதில்தான் சூட்சுமம். மகோகனியைத் தொட்டுப் பார்த்தபின் பட்டியலில் இருக்கும் 20 கேஜ் பெட்டி கண்ணுக்குப் பிடிக்காது. பட்டியலை முதலில் படித்துவிட்டால், அறைக்குள் போகும்போதே தன் கையிருப்புக்கு எது சரி என்று ஓரளவு தெரிந்திருக்கும். பெரும்பாலானோர் முதலில் பார்க்கும் மூன்று பெட்டிகளில் ஒன்றைத்தான் வாங்குகிறார்கள், அதுவும் பொதுவாக நடுவிலை உள்ளதை என்கிறது கமிஷனின் வழிகாட்டி. மலிவான மாடல் பட்டியலில் இருந்தும் அறையில் கண்ணில் படவில்லையென்றால் கேட்டுப் பார்க்கச் சொல்கிறது.

துறவிகள் தொடுத்த வழக்கு

ஆனால், வெளியே பெட்டி வாங்கலாம் என்று மத்திய விதி சொன்னால் போதுமா? வெளியே விற்க ஆள் வேண்டுமே! அதற்கான சண்டை நடந்த இடம், லூசியானா மாநிலத்தின் கோவிங்டன் பக்கம்.

நியூ ஆர்லியன்ஸிலிருந்து பான்ட்சார்ட்ரெய்ன் ஏரியைக் கடந்து வடக்கே போனால் பைன் மரக்காடுகள். ஒருபுறம் போக் ஃபலாயா ஆறு. நடுவே 1889-ல் தொடங்கிய செயின்ட் ஜோசப் மடம். பெனடிக்ட் சபைத் துறவிகள் வசிக்கும் இடம். தேவாலயச் சுவர்களில் பெரிய ஓவியங்கள், பின்னால் அமைதியான கல்லறைத் தோட்டம். நாவலாசிரியர் வாக்கர் பெர்சியின் சமாதி இங்குதான் இருக்கிறது.

இறந்த துறவிகளை இவர்களே செய்த எளிய மரப்பெட்டியில் அடக்கம் செய்வது இங்கே தலைமுறை வழக்கம். 1990-களில் பிஷப்புகள் இருவர் அதே மாதிரியான பெட்டிகளில் அடக்கம் செய்யப்பட, 'எங்களுக்கும் ஒன்று கிடைக்குமா?' என்று மக்கள் கேட்கத் தொடங்கினார்கள். 2005-ல் கத்ரீனா புயல் மடத்தின் காட்டைச் சாய்த்தது. மரம் விற்று வந்த வருமானம் போனது. 2007 நவம்பரில் தச்சுப் பட்டறையைத் திறந்தார்கள். இரண்டே மாடல்கள்: ஒன்று 1,500 டாலர், இன்னொன்று 2,000 டாலர்.

ஒரு பெட்டிகூட விற்கும் முன்பே மாநில எம்பாமிங் - ஃப்யூனரல் டைரக்டர்கள் வாரியத்திடமிருந்து தடை உத்தரவு வந்துவிட்டது. லூசியானா சட்டப்படி சவப்பெட்டி விற்க முழு ஃப்யூனரல் ஹோம் உரிமம் தேவை. அதற்கு 30 பேர் அமரும் பார்வைக்கூடம், ஆறு பெட்டிகள் வைக்கும் காட்சியறை, எம்பாமிங் வசதி, முழுநேர ஃப்யூனரல் டைரக்டர் எல்லாம் வேண்டும். மீறினால் அபராதம், 180 நாள்கள் வரை சிறை. வாரியத்தின் ஒன்பது உறுப்பினர்களில் எட்டுப் பேர் அந்தத் தொழிலைச் சேர்ந்தவர்கள்!

துறவிகள் 2010-ல் நீதிமன்றம் போனார்கள். லூசியானாவில் சவப்பெட்டியே இல்லாமல்கூட அடக்கம் செய்யலாம். பெட்டி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கும் விதி கிடையாது. அப்படியிருக்க, விற்பவருக்கு மட்டும் எதற்கு இத்தனை நிபந்தனை? 2011-ல் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. 2013 மார்ச்சில் ஐந்தாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்ததால் அந்தத் தீர்ப்பே நிலைத்தது. ஆனால், இதே போன்ற ஓக்லஹோமா சட்டத்தை வேறொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் 2004-ல் செல்லும் என்று சொல்லியிருந்தது. ஆகவே மாநிலத்துக்கு மாநிலம் நிலைமை ஒன்றல்ல.

நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது

இன்று அந்த அறையின் தோற்றமும் மாறிவருகிறது. முழுப் பெட்டிகளுக்குப் பதிலாக, பெட்டியின் ஒரு மூலையை மட்டும் வெட்டிச் சுவரில் மாட்டும் இடங்கள் உண்டு. மாடல்களை டி.வி திரையில் காட்டும் இடங்களும் உண்டு. காஸ்ட்கோ, வால்மார்ட் இணையதளங்களிலும் சவப்பெட்டி கிடைக்கிறது. 1960-ல் 4 சதவிகிதத்துக்கும் குறைவாக இருந்த தகனம், இப்போது சுமார் 60 சதவிகிதம்.

அங்கே வாழும் தமிழ்க் குடும்பங்களில் பலரும் தகனத்தையே தேர்வு செய்கிறார்கள். ஃப்யூனரல் ஹோமில் உடலைப் பார்வைக்கு வைத்துச் சடங்கு முடித்து, பிறகு தகனம். எரியப்போகும் பெட்டிக்கு 3,000 டாலர் தர வேண்டியதில்லை. 'ரென்டல் கேஸ்கட்' உண்டா என்று கேட்கலாம். வெளியே அழகான பெட்டி, உள்ளே கழற்றி எடுக்கும் எளிய பெட்டி. பார்வை முடிந்ததும் உள்பெட்டியோடு உடல் தகனத்துக்குப் போகும். வெளிப்பெட்டி இல்லத்திலேயே இருந்துவிடும். உடலை இந்தியாவுக்கு அனுப்புவதென்றால் கதை வேறு. எம்பாமிங் சான்றிதழ், முறையாக மூடிய பெட்டி, தூதரக ஆவணங்கள் எல்லாம் தேவைப்படும்.

விலையை இணையதளத்தில் போட வேண்டும் என்று மத்திய விதி கட்டாயப்படுத்தவில்லை. ஆனால், போனில் கேட்டால் சொல்லியே ஆக வேண்டும். அதனால் துக்க வீட்டில் கொஞ்சம் நிதானமாக இருக்கும் ஒருவர், மைத்துனரோ குடும்ப நண்பரோ, இரண்டு மூன்று இல்லங்களுக்குப் போன் போட்டு விலை கேட்பது நல்லது. நேரில் போகும்போதும் அவரையே உடன் அழைத்துப் போகலாம். "முதலில் பட்டியலைக் கொடுங்கள்" என்று அவர் கேட்டால் போதும். கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை.