இரு பெருந்தேனீக்கள்

அசாம் மாநிலம் தேஜ்பூரில் படைவீரர் குடியிருப்பு ஒன்றின் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் ஆண்டுதோறும் மலைத்தேனீக்கள் அடை கட்டும். ஓராண்டு, அதனைத் தீயிட்டு எரித்துவிட வேண்டும் என்றனர் அக்கம்பக்கத்தார். கோத்தகிரியில் பிறந்த வீரர் ஒருவர் தடுத்தார். குறும்பர் கொடியேணியில் இறங்கிப் பாறைத்தேன் எடுப்பதைச் சிறுவயதில் கண்டவர் அவர். "குழந்தைகளை அப்பக்கம் விடாதீர்கள், புகையோ கல்லோ வேண்டா. மழைக்காலத்திற்கு முன் அவை தாமே போய்விடும்" என்றார். அவ்வாறே அவை போயின.

மறு ஆண்டு அவருக்கு அருணாசலப் பிரதேசத்தின் பொம்டிலாவுக்கு மாறுதல் வந்தது. ஆறாம் வகுப்பில் படித்த அவர் மகள், தோழியைப் பிரிந்த வருத்தத்தோடு மலையேறினாள். வழியில் செங்குத்தான பாறையொன்றில் பெரிய அடைகள் தொங்கின. "அப்பா, நம் தேனீக்களும் இங்கே வந்துவிட்டன!" என்று மகிழ்ந்தாள்.

பாதையோரம் இறந்து கிடந்த ஒன்றைத் தந்தை இலையில் ஏந்திக் காட்டினார். மலைத்தேனீயின் வயிற்று முற்பகுதி பொன்மஞ்சள் நிறமுடையது. இதன் வயிறோ கரியது. அதில் வெண்ணிற வரிகள் இருந்தன. இது இமயமலைத் தேனீ.

ஆங்கிலேய அறிஞர் ஃபிரெடரிக் சுமித் 1871ஆம் ஆண்டிலேயே இதனைத் தனி இனமாகக் குறித்தார். ஆயினும் மலைத்தேனீயின் ஒரு வகையே இது எனப் பலர் நெடுங்காலம் கருதினர். அதற்குக் காரணம் உண்டு. இரண்டும் உருவில் பெரியவை. இரண்டும் பொந்தை நாடாமல், திறந்த வெளியில் ஒற்றை அடையைத் தொங்கவிடுபவை.

வாழ்க்கை முறையில் அவை வேறுபடுகின்றன. மலைத்தேனீ உயர்ந்த மரம், பாறை, கட்டடம் ஆகிய மூன்றிலும் அடை கட்டும். இமயமலைத் தேனீ பெரும்பாலும் பாறைச் சரிவையே நாடும். மலைத்தேனீயின் ஆண் தேனீக்கள் கதிரவன் மறைந்தபின் துணை தேடிப் பறக்கும். இமயமலைத் தேனீயின் ஆண் தேனீக்கள் நண்பகலை ஒட்டிப் பறக்கும். ஆகவே, ஒரே பகுதியில் வாழ்ந்தாலும் இரண்டும் கலப்பதில்லை.

இடம்பெயர்தல் இரண்டிற்கும் பொது. இமயமலைத் தேனீ குளிருக்கு அஞ்சித் தாழ்வான இடங்களுக்கு இறங்கும். மலைத்தேனீ பூக்களைத் தேடித் தொலைவு செல்லும். திங்கள் பல கழிந்து, முன்பு வாழ்ந்த அதே இடத்திற்குத் திரும்பும் ராணித் தேனீக்களும் உண்டு. அசாமில் நடந்த மரபணு ஆய்வு இதனை உறுதிசெய்தது.

இதனைத் தந்தை சொல்லக் கேட்ட மகள், அன்றிரவே தோழிக்குக் கடிதம் எழுதினாள். அதன் கடைசி வரிகள் இவை: "தொட்டிக்கு அடியில் அடை மீண்டும் வந்திருக்கும், பார். இப்போது அங்கே என் அப்பா இல்லை. எரிக்க வேண்டா என்று நீ சொல்."