அளவெடுக்காத கையுறை

"மருந்தடிக்கும் பெண்கள் கையுறையைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள், சொன்னால் கேட்பதில்லை" என்று மண்டோர்கள் குறைப்படுவதைக் கேட்காதவர் நம்மில் யார்? ஏன் கழற்றுகிறார்கள் என்று அவர்கள் கேட்பதுதான் இல்லை.

என் தாயார் செம்பனைக் காட்டில் மருந்தடித்தவர். கொடுத்த ரப்பர் காலணி ஆண்களின் அளவு. பழைய சேலைத் துணியை முனையில் திணித்துக்கொண்டுதான் மேடு ஏறுவார். கையுறையின் விரல்கள் நுனியில் தொங்கும். பம்பின் பிடி வழுக்கும். வாய் அகலமாக இருப்பதால் கையை உயர்த்தினால் மருந்து உள்ளே வழியும், வழிந்தது தோலோடு ஊறும். வெறுங்கையென்றால் உடனே கழுவிவிடலாமே என்பார் அம்மா. பாவம், அதுவும் பாதுகாப்பல்ல.

அந்நாளில் தோட்டங்களில் மிகுதியாக அடித்தது பாராகுவாட். அதற்கு முறிவு மருந்து கிடையாது. புண்ணான தோல் வழியாகவும் உடம்பில் இறங்கும். 2002இல் தடை செய்வதாக அரசாங்கம் அறிவித்தது, 2006இல் தளர்த்தியது, 2020 ஜனவரி முதல் தேதிதான் முழுத்தடை வந்தது. ஒரு தலைமுறைப் பெண்கள் அதற்குள் வேலையிலிருந்து ஓய்ந்துவிட்டார்கள்.

மருந்து போனாலும் அளவுத் தொல்லை போகவில்லை. வெல்டிங் படித்து வேலைக்குப் போகும் என் பழைய மாணவி ஒருத்தி ஆயர் ஈத்தாமில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். "ஒரு கையுறைக்குள்ளே என் ரெண்டு கையும் போகும், டீச்சர்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீண்ட சட்டைக்கையை மடித்துவிட்டால் மடிப்பில் தீப்பொறி தங்குமே!

விண்வெளிக்குப் போனவர்களுக்கும் இதே கதைதான். 2019 மார்ச்சில் இரு பெண்கள் சேர்ந்து விண்கலத்துக்கு வெளியே நடக்க இருந்தார்கள். இருவருக்கும் வேண்டிய நடுத்தர அளவு மேலுடுப்பு ஒன்றுதான் தயாராக இருந்ததால், ஒருவருக்குப் பதில் ஆண் ஒருவர் போனார். அக்டோபரில்தான் இரு பெண்கள் ஒன்றாக நடந்தார்கள்.

நம் நாட்டின் 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி, கொடுத்த பாதுகாப்பு உடுப்பை அணிவது தொழிலாளியின் கடமை. சட்டப்படி கொடுக்க வேண்டியதற்குக் காசு பிடிக்க முதலாளிக்கு உரிமையில்லை. ஆகவே கூச்சமின்றிக் கேளுங்கள், சகோதரிகளே. தையல் நாடாவால் கட்டைவிரலை விட்டு உள்ளங்கையைச் சுற்றி அளந்து பாருங்கள். 7 அங்குலம் என்றால் கையுறை அளவு 7. அதைத் தாளில் எழுதி, தேதியிட்டு, கிராணியிடம் கொடுங்கள். ஒரு பிரதி வீட்டில் இருக்கட்டும்.